கை படாத மிஷின்

"இதுல ஒரு கைக்குட்டைகூட துவைச்சது இல்ல சார். என் சம்சாரம் தலைமேல சத்தியம்!"

சொல்லிவிட்டு, கருவறைத் திரையை விலக்குகிற பூசாரி மாதிரி பூப்போட்ட பெட்ஷீட்டை உருவினார் பக்தவச்சலம். உள்ளே சக்கரக் கால்களோடு நின்றது வெள்ளைக்காரன் காலத்து துணி துவைக்கும் மிஷின். தொட்டியில் துணியைச் சுழற்றி, மேலே உள்ள இரண்டு ரப்பர் ரோலருக்கு நடுவில் விட்டுப் பிழிகிற மாடல்.

பெங்களூரிலிருந்து டெம்போவோடு வந்திருந்த ஆர்தர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அங்கே ஒரு கிளப்பில் பழைய வீட்டுச் சாமான்களுக்கென்று தனி ஹால் திறக்கிறார்கள். அதற்குச் சாமான் பொறுக்குவது இவர் வேலை.

"வெள்ளைக்காரங்க விட்டுட்டுப் போன அப்புறம் யாரும் யூஸ் பண்ணியிருக்கக் கூடாது. அதுதான் எங்க கண்டிஷன். இங்க பக்கத்துல ஊர்காம் ஸ்டேஷன்கிட்ட ஒருத்தர் தொட்டியில அரிசி கொட்டி வெச்சிருந்தார். வேணாம்னுட்டு வந்துட்டேன்."

"அரிசியா? அடப் பாவி!" பக்தவச்சலம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அவருக்கு நிஜமாகவே வலித்தது.

பக்தவச்சலம் தொழிற்சாலையில் ஃபிட்டர். தங்கச் சுரங்கத்து வெள்ளைக்கார துரைகளின் பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தால் ஊரே கட்டிலையும் பீரோவையும் பார்த்து ஓடும். இவர் மட்டும் ஒரு மிஷினை உருட்டிக்கொண்டு தொழிலாளர் வரிசை வீடுகளான கோரமண்டல் லைனுக்குத் திரும்புவார். இப்படி மூன்று சேர்ந்துவிட்டதில், லைனில் அவருக்குப் பெயரே 'பழைய இரும்பு' என்றாகிவிட்டது.

தேர்வாகும் மிஷினுக்குப் பக்கத்தில், கொடுத்தவர் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து வைப்பார்களாம். அந்தத் தகட்டைப் போட்டோ பிடித்து லைனில் வீடு வீடாகக் காட்ட வேண்டும். இதை நினைத்தே அவருக்குச் சில நாளாகத் தூக்கம் போயிற்று.

"மூணு மிஷின் இருந்தும் உங்க மிஸஸ் கையாலதான் துவைக்கிறாங்களா பக்தா?"

"பின்ன? அவ கையில குடுத்தா மிஷினு தாங்குமா சார்? தொடவே கூடாதுன்னு சொல்லிக் கீறேன். அதுவுமில்லாம, கல்லுல நாலு அடி அடிச்சாதான் துணி வெளுக்கும். என் காலரைப் பாருங்க!"

காலர் தும்பைப் பூவாகத்தான் இருந்தது. ஆர்தர் தலையாட்டிக்கொண்டே, அவிழ்ந்திருந்த ஷூ கயிற்றைக் கட்ட துவைக்கிற கல்லின்மேல் காலைத் தூக்கி வைத்தார். கால் சர்ரென்று வழுக்கிப் போக, பக்தவச்சலம் பாய்ந்து பிடித்துக்கொண்டார்.

"பாத்து சார், பாசி!"

முதல் மிஷினில் இரண்டு ரோலர்களும் ஒட்டி ஒன்றாகிப் போயிருந்தன. இரண்டாவதில் ரப்பர் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஆர்தர் உதட்டைப் பிதுக்கினார்.

மூன்றாவதின் ரோலரை அவர் விரலால் அழுத்திப் பார்த்தார். கைப்பிடியைச் சுற்றினார். அது வெண்ணெய் மாதிரி சுழன்றது.

"வொண்டர்ஃபுல்! புதுசு மாதிரியே இருக்கே. எப்படிக் காப்பாத்தினீங்க?"

"வெள்ளிக்கிழமை தவறாம ஊதுவத்தி காட்டுவேன் சார்."

மற்ற இரண்டுக்கும் அதே ஊதுவத்திதான் என்பதை அவர் சொல்லவில்லை.

"இதையே எடுத்துக்கிறேன். தகட்டுல போட இனிஷியலோட உங்க பேரைச் சொல்லுங்க."

பக்தவச்சலத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. டெம்போ டிரைவரோடு சேர்ந்து தானே தோள் கொடுத்து மிஷினை மேலே ஏற்றினார். கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் ரேஷன் கடையிலிருந்து மண்ணெண்ணெய் கேனோடு வந்தாள் அவர் சம்சாரம் விமலா.

இந்த மிஷின்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. "ஊட்ல ஒரு மனுஷி கால நீட்டிப் படுக்க எடமில்ல, இந்த எழவு மூணு" என்று கரித்துக் கொட்டாத நாளில்லை. ஒன்று ஒழிந்தது என்று இன்றைக்குப் பாயசமே வைப்பாள் என்றுதான் பக்தவச்சலம் நினைத்தார்.

விமலா கேனை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். டெம்போவில் தாவி ஏறி மிஷினை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

"இத்த குடுக்காதீங்க! உங்களுக்குக் கோடி புண்ணியம். அந்த ரெண்டையும் வேணும்னா எடுத்துக்கினு போவட்டும். இது மட்டும் வாணாம்!"

அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். பக்தவச்சலம் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார். இத்தனை வருஷமாகத் தன் ரசனை புரியாதவள் என்று இவளை எத்தனை பேரிடம் குறை சொல்லியிருப்பார்! தன்மேல் அவருக்கே வெட்கமாக இருந்தது.

"இன்னா விமலா, இதும்மேல உள்ளுக்குள்ள இவ்ளோ பிரியம் வெச்சிருந்தியா? ஒரு வார்த்த சொல்லலியே!"

ஆர்தரும் உருகிப்போனார். பேனாவை எடுத்தபடி, "அழாதீங்க மேடம். எத்தனையோ பேர் வந்து பார்க்கப் போறாங்க. தகட்டுல முதல்ல உங்க பேரையே போட்டுடறேன்" என்றார்.

விமலா மூக்கை உறிஞ்சி முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"பேரு கெடக்குது சார்... நாளைக்குத் தண்ணி விடற நாளு, லைனு பூரா காசு குடுத்துப் போடற துணியெல்லாம் நான் எதுல துவைக்கறது?"