கொஞ்ச நேர நிம்மதி

சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, தெரிந்த முகம் ஏதாவது வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள் சரிதா. யாரும் இல்லை. கரியாஹாட் மார்க்கெட்டுக்குப் போகிற ஆட்டோவைக் கைகாட்டி அனுப்பிவிட்டு, விறுவிறுவென்று ஏரிப் பக்கம் நடந்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து கணவன் பிரிட்டோவிடம் அவள் பொய் சொன்னதே இல்லை. இன்றைக்கும் சொல்லவில்லை. அவன் வீட்டில் இல்லாததால் அதற்கு அவசியம் வரவில்லை.

ஏரிக்கரையில் அவளுக்காக யாரும் காத்திருக்கவில்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரு பெஞ்சு.

பிரிட்டோவின் அக்கா ஜெசிந்தா, கணவர் செல்வராஜோடும் இரட்டைப் பையன்களோடும் தூத்துக்குடியிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வந்து இறங்கியதிலிருந்து, டாக்குரியாவின் அந்த இரண்டு அறை வீட்டில் சரிதா உட்காரவே இல்லை. அவள் பிள்ளைகள் தீப்தியையும் விவேக்கையும் சேர்த்தால் வீட்டில் நாலு வாண்டுகள். கிறிஸ்துமஸ் குடிலில் வைத்த ஆட்டுக்குட்டி பொம்மைகள் குளியலறை வாளியில் நீந்தின. மூன்று ராஜாக்களில் ஒருவருக்குத் தலை போய்விட்டது.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஜெசிந்தா மதினி அடுப்படிக்கு வந்து அச்சுமுறுக்கு மாவை எட்டிப் பார்ப்பார். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போவார். அதைத்தான் சரிதாவால் பொறுக்க முடியவில்லை.

இன்று மதியம் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்து மறுபடி மாவு கரைக்க உட்கார்ந்தபோது தீப்தி வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, தேங்கா தீந்துபோச்சு."

காலையில்தான் மூன்று வாங்கி வைத்ததாக ஞாபகம். ஆனாலும் சரிதா கூடையைத் திறந்து பார்க்கவில்லை. நட்சத்திரத்தின் பல்பு போய்விட்டது என்று விவேக் சொல்ல, ஆண்கள் இரண்டு பேரும் புதிது வாங்கப் போயிருந்தார்கள். மதினி மதியம் படுக்கும் அறையின் கதவு சாத்தியிருந்தது. பிள்ளைகளுக்குத் துணை இருக்கிறது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஏரிக்கரையில் பெஞ்சுக்குப் பெஞ்சு காதல் ஜோடிகள். ஒரே ஒரு பெஞ்சில் மட்டும் ஒரு பெண் தனியாக, முதுகைக் காட்டிக்கொண்டு, ஜால்முரி என்கிற காரப்பொரிப் பொட்டலத்தை மடியில் வைத்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தாள்.

"தீதி, ஏக்டு ஷொருன்" என்று வங்காள மொழியில் அவளைக் கொஞ்சம் நகரச் சொன்னாள் சரிதா.

அந்தப் பெண் திரும்பினாள். ஜெசிந்தா மதினி.

மதினி பொட்டலத்தை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தார். உதட்டில் ஒட்டியிருந்த பொரியை என்ன செய்வது?

"காலாற நடந்துட்டு வாங்கன்னு பயலுவ சொன்னானுவ..."

"நான் தேங்கா வாங்க..."

"தேங்கா இங்கயா விக்கி?"

சரிதா தலையைக் குனிந்துகொண்டாள். முதலில் சிரித்தது மதினிதான்.

"உக்காரு. அங்க மூச்சு விட முடியல. எம் பயலுவ அடிக்கிற கூத்துக்கு நீ முகம் சுளிக்காம இருக்க. எனக்குத்தான் கூச்சமா இருக்கு. அடுப்படிக்கு வாரேன், மன்னிச்சுக்கோன்னு சொல்ல வாய் வர மாட்டேங்கு. திரும்பிப் போயிருதேன்."

"மாவு சரியில்லன்னு நெனச்சீயளோன்னு பயந்துட்டேன் மதினி."

"மாவுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு."

சரிதா பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தாள். முதுகு இப்படி வலித்துக்கொண்டிருந்ததே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"ஆமா, பிள்ளைகளோட யாரு இருக்கா?" என்றார் மதினி.

"நீங்க உள்ள தூங்குதீயன்னுதான் வந்தேன்."

"நீ அடுப்படியில நிக்கேன்னுதான் நான் கதவைச் சாத்திட்டு வந்தேன்."

சரிதா பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

"பல்பு வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? அவிய ரெண்டு பேரும் இந்நேரம் வீட்டுக்கு வந்திருப்பாவ" என்றாள் சரிதா. மதினிக்கும் அதை நம்புவதுதான் வசதியாக இருந்தது. பொட்டலத்தில் பாதி சரிதாவின் கைக்கு வந்தது.

அது தீர்வதற்குள் எதிரே இரண்டு பேர், கையில் மண்குவளை டீயோடு, உலகத்தில் ஒரு வேலையும் இல்லாதவர்களைப் போல ஆடி அசைந்து வந்தார்கள். பிரிட்டோவும் செல்வராஜும். பெண்களைக் கண்டதும் செல்வராஜ் சட்டென்று மரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"வீட்டுல யாரு?" என்று நாலு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"ஐயோ, எண்ணெய்ச் சட்டி. அடுப்ப அணைச்சேனா?" சரிதா பாதி தூரம் ஓடிவிட்டாள்.

ஓடிக்கொண்டே வீட்டில் இருக்கும் பழைய செல்லுக்கு அடித்தான் பிரிட்டோ. மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மதினி ஜெபம் சொல்லிக்கொண்டே ஓடினார். செல்வராஜ் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மாடிப்படி ஏறும்போது சத்தமே கேட்கவில்லை. ஒரு வாரமாகச் சத்தத்துக்குப் பயந்தவர்களுக்கு இப்போது அந்த அமைதி பயத்தைக் கிளப்பியது. சரிதா காலிங் பெல்லிலிருந்து விரலை எடுக்கவே இல்லை.

தீப்தி கதவைத் திறந்தாள்.

அவளை விலக்கிக்கொண்டு சரிதா அடுப்படிக்கு ஓடினாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது. கூடத்தில் ஒரு பொருள் இடம் மாறவில்லை. விவேக்கும் இரட்டையர்களும் பாயில் வரிசையாகப் படுத்து, கால் மேல் கால் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு படக்கதை படித்துக்கொண்டிருந்தார்கள்.

மூச்சு வாங்க நின்ற நாலு பேரையும் தீப்தி ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவள் முகம் தொங்கிப்போயிற்று.

"அதுக்குள்ள வந்துட்டீங்களா? உங்க நாலு பேரையும் வெளிய அனுப்ப நாங்க எவ்வளவு கஷ்டப்பட்டோம்."