ஒரு பக்கமாக விழுந்த தண்ணீர்

“பலகைதானே? தர்றேன். முதல்ல இந்தத் தண்ணிக்கு என்ன வந்திச்சுன்னு பாரு” என்றார் தோட்டத்துத் துரை.

மாரிசாமி தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பார்த்தான். பங்களாவின் பின்புறம் நீச்சல் குளம். அதன் ஓரத்தில் ஆள் உயரத்துக்குக் கல் அடுக்கிக் கட்டிய ஓர் அருவி. பழைய வெள்ளைக்காரத் துரையின் ஆசை அது. தேயிலைத் தோட்டத்தை இலங்கை அரசாங்கம் எடுத்ததும் அவர் ஊருக்குப் போய்விட்டார். அருவி இந்தப் புதுத் துரையின் தலையில் விழுந்தது.

இடது பக்கம் தண்ணீர் கொட்டு கொட்டென்று கொட்டியது. வலது பக்கம் கல் நனைந்ததோடு சரி.

“சாயங்கால ரயில்ல துரைசாணி வர்றாங்க. பிள்ளைகளும் வருது. வந்ததும் இதைத்தான் பார்ப்பாங்க.” துரை பரீட்சைக்காகத் தமிழ் படித்தவர், நிறுத்தி நிறுத்திப் பேசுவார். “ஞாயித்துக்கிழமை ஆள் கிடைக்கிறதே இல்லை. நல்ல நேரத்துல வந்த.”

“வெயில் எறங்குறதுக்குள்ள பலகை வேணுங்க தொரை. பெட்டி செய்யணும். லயத்து வீட்டுல மச்சான் சுத்தியலோட காத்துக்கிட்டு இருக்காருங்க.”

“தெரியும், தெரியும். பெட்டிதானே?”

அந்த வருஷம் தோட்டத்தில் எல்லோருக்கும் பெட்டிப் பைத்தியம். இந்தியாவுக்குப் போகச் சீட்டு வந்த வீட்டுக்காரர்களெல்லாம் பலகை கேட்டு வந்தார்கள். சட்டி பானை, துணிமணி எல்லாம் கப்பலேற மரப்பெட்டி வேண்டுமே. துரை ஒருவருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. ஸ்டோரில் கிடந்து மக்குகிற பலகைதானே!

மாரிசாமி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லின் மேல் ஏறினான். உச்சியில் ஒரு சிமெந்துத் தொட்டி. ஓடையிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் அதில் நிறைந்து, விளிம்பு முழுக்க வழிய வேண்டும். குழாயின் வாயை இலையும் பாசியும் அடைத்திருந்தன. அவன் கையை விட்டு அள்ளிப் போட்டான்.

“ஆ, தண்ணி கூடுது!” என்றார் துரை.

கூடியது உண்மைதான். ஆனால் கூடியதெல்லாம் இடது பக்கமே ஓடியது.

துரை விடுகிற ஆளில்லை. உள்ளே போய் ஒரு போத்தலில் பாதி தண்ணீர் பிடித்து வந்து, அதைத் தொட்டி விளிம்பில் படுக்க வைக்கச் சொன்னார். போத்தல் தண்ணீரும் இடது பக்கமே ஒதுங்கியது.

“மட்டம் பிழை. அந்தப் பக்கத்துக் கல் இறங்கிப் போச்சு. தூக்கி, அடியில ஓடு வை.”

மாரிசாமி தூக்கினான். உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றை வைத்தான். “இன்னும் கொஞ்சம்” என்றார், இன்னொன்று வைத்தான். “கூடிப் போச்சு” என்றார், எடுத்தான். காலையிலிருந்து அவனுக்கு அப்படித்தான் இருந்தது. யாராவது சொன்னால் செய்ய முடிந்தது. மற்றபடி ஒன்றும் ஓடவில்லை.

கல்லை இறக்கும்போது கட்டைவிரல் மாட்டிக்கொண்டது. நகத்தோரம் இரத்தம் கசிந்தது.

“ஐயோ, வலிக்குதா?”

மாரிசாமி யாருடைய விரலோ போலப் பார்த்தான். “தெரியலைங்க.”

“பசியில இருக்கிறியா? சாப்பிட்டியா இல்லையா?”

“இல்லைங்க. இன்னைக்கி வீட்டுல அடுப்பு பத்த வைக்கலைங்க.”

துரைக்கு மனசு சுருங்கிப் போனது. மாவுப் பங்கீட்டைக் குறைத்ததிலிருந்து எந்த லயத்துக்குப் போனாலும் இதே பதில்தான். பசி என்றால் தாங்கமாட்டார், நல்ல மனிதர். நாற்காலி மேலிருந்த தன் தட்டிலிருந்து பாண் ரொட்டியை எடுத்து நீட்டினார். மாரிசாமி இரண்டு கையாலும் வாங்கினான். வாங்கியதைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, களிமண்ணைக் குழைத்து ஓட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் அப்பினான்.

தண்ணீர் கொஞ்ச நேரம் தயங்கி நின்றது. பிறகு விளிம்பு முழுக்கப் பரவி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே சீராக விழுந்தது.

துரை சின்னப்பிள்ளை மாதிரிக் கைதட்டினார். “பாரு, பாரு, எவ்வளவு அழகு!”

மாரிசாமி பார்க்கவில்லை. மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்த வெயிலைப் பார்த்தான்.

“பலகை, தொரை.”

“வா, வா. நல்லதாவே பொறுக்கி எடுத்துக்க.” துரை சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு சந்தோஷமாக முன்னால் நடந்தார். “எப்ப கப்பல்?”

“கப்பல் இல்லைங்க. எங்களுக்கு இன்னும் சீட்டு வரலைங்க.”

துரை ஸ்டோர்க் கதவில் சாவியைப் போட்டபடியே திரும்பிச் சிரித்தார். “சீட்டே வரலையா? அப்புறம் இந்த அவசரத்துல பெட்டி செஞ்சு, அதுல எதை வைக்கப் போற?”

“எங்க சின்னப் பொண்ணைங்க.”