கூட வந்தவர்

அப்பா நடுக்கோயிலில் நின்றுவிட்டார்.

முன்னால் போகவும் இல்லை, பின்னால் வரவும் இல்லை. ஒரு காலை ஊன்றியாயிற்று. மறு காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

தரை முழுக்கக் கல்லறை.

இங்கிலாந்தில், யார்க் நகரத்துப் பழைய கிறிஸ்தவக் கோயில்கள் பலவும் அப்படித்தான். செத்தவர்களை உள்ளேயே புதைத்து, பெயர் வெட்டிய கல்லை மேலே பதித்து, அதையே தரையாக்கிவிட்டார்கள். மிதிபட்டு மிதிபட்டுப் பாதிப் பெயர்கள் அழிந்துபோயின. வருகிறவர்கள் அதன்மேல் நின்றுதான் அண்ணாந்து கண்ணாடி ஓவியங்களைப் பார்க்கிறார்கள். செத்தவர்கள் யாரும் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை.

அப்பாவுக்குத்தான் மனசு வரவில்லை.

வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டார். தூத்துக்குடிப் பக்கம் அவர் ஊரில் கோயிலுக்குள் செருப்போடு யாரும் போவதில்லை. "இங்க வேண்டாம்ப்பா" என்று மகன் சொன்னது காதில் விழாத மாதிரி இருந்துகொண்டார். சரி, அதுகூடப் போகட்டும். உள்ளே வந்து கல்லறைகளைப் பார்த்ததும் தாண்ட ஆரம்பித்தார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி தேடி, நுனிக்காலில், கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு. எழுபது தாண்டிய மனிதர். மகனுடைய பழைய கோட்டு வேறு முழங்கால்வரை தொங்கியது.

"எல்லாரும் மிதிச்சுத்தானப்பா போறாங்க. சும்மா வாங்க."

"ஆளு படுத்திருக்காம்லா. நெஞ்சுல காலை வைக்கவா?"

அவனுக்கு மானம் போயிற்று. விறுவிறுவென்று முன்னால் போய்விட்டான்.

போன இடத்தில் ஹெலன்.

அலுவலகத்தில் அவனுக்கு மேலதிகாரி. கணவரோடு வந்திருந்தாள். ஆறு வருடமாகக் குட்மார்னிங்கோடு நிறுத்திக்கொண்டவள், அன்றைக்கு என்னவோ கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஜன்னலைக் காட்டி, அது எந்த நூற்றாண்டு என்று சொன்னாள். அடுத்த சனிக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வா என்றாள். இந்த ஊரில் அவனை யாரும் வீட்டுக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்பாவை அறிமுகப்படுத்தலாம் என்று திரும்பினான்.

அப்பா ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வழி கிடைக்காமல் நின்றார்கள். ஒரு பெண் கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்தாள். ஹெலனின் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர், சட்டையில் பெயர் அட்டை குத்தியவர், நேரே அவனிடம் வந்தார். அந்தக் கூட்டத்தில் வெள்ளைக்காரர் அல்லாதவர்கள் அவனும் அப்பாவும் மட்டும்தான்.

"உங்களோடு வந்தவரா?"

ஆமாம், என் அப்பா என்று சொல்லியிருக்கலாம். ஹெலன் சிரித்திருப்பாள். அப்பாவுக்கும் கை கொடுத்திருப்பாள். அதற்கு மேல் ஒன்றும் நடந்திருக்காது.

"இல்லை" என்றான்.

ஹெலனுக்கு முகம் சிவந்துவிட்டது. தோலின் நிறத்தைப் பார்த்துக் கேட்டதாக நினைத்துவிட்டாள். இது என்ன கேள்வி என்று அந்தப் பெரியவரைப் பிடித்துக்கொண்டாள். அவர் வெலவெலத்துப் போனார். தப்பாக எதுவும் நினைக்கவில்லை, மன்னிக்க வேண்டும் என்று அவனிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார்.

"பரவாயில்லை" என்றான் அவன்.

மன்னித்துவிட்டானாம்.

அப்பாவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. புரிந்தும் இருந்தது. ஊரில் அவர்தான் தேவசகாயம் சார். அவரிடம் இங்கிலீஷ் படிக்காத பிள்ளை கிடையாது.

பெரியவர் அப்பாவிடம் போய், யாரோடு வந்தீர்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அப்பா அவர் தோளுக்கு மேலாக மகனைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். வகுப்பில் பதில் தெரியாமல் முழிக்கிற பையனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"அலோன், சார்" என்றார்.

பெரியவர் கையை நீட்டினார். அப்பா பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு கல்லையும் தாண்டவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு, வெறுங்காலோடு, அத்தனை கல்லறைகளையும் மிதித்துக்கொண்டு வேகமாகப் போனார். அவன் பக்கம் திரும்பவில்லை. கதவருகே அந்தப் பெரியவர் குனிந்து அவருக்கு ஷூ லேஸைக் கட்டிவிட்டார்.

ஹெலன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் தலையாட்டினான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

சாகவில்லை. சனிக்கிழமை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டான்.

வெளியே வந்து தேடினான். தெருவில் இல்லை. எதிரே இருந்த கடையில் இல்லை. கோயில் சுவர் திரும்புகிற மூலையில், வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத இடமாகப் பார்த்து அப்பா நின்றிருந்தார். கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டிருந்தார்.

"அப்பா..."



"அவிய போயிட்டாவளாய்யா?" என்று கேட்டார் அப்பா. குரலில் வருத்தம் ஒன்றும் இல்லை. அதுதான் அவனைக் கொன்றது. "போகலன்னா நீ அவியகூட நில்லு. நான் பஸ் ஸ்டாப்புல இருக்கேன்."

வாசலில் ஹெலனின் குரல் கேட்டது. இந்தப் பக்கமாகத்தான் வருகிறார்கள்.

அப்பா சட்டென்று அவனைவிட்டு நாலடி தள்ளிப் போனார். சுவரில் எதையோ படிக்கிற மாதிரி, அவனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.