ஏழரை மணி விமானம்

“ஏர்போர்ட்டா சார்?” என்று கேட்டபடியே டாக்சிக்காரர் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

“ஃப்ளைட் சாயங்காலம் ஏழரைக்குத்தாம்பா” என்றார் கணக்கு வாத்தியார்.

மணி காலை எட்டே கால். நாலு நாள் ராஜ மரியாதையோடு வைத்திருந்த உல்லாசக் கப்பல்காரர்கள், ஐந்தாம் நாள் காலையில் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக இறக்கிவிட்டிருந்தார்கள். அடுத்த கூட்டம் ஏறக் காத்திருந்தது. இன்னும் பதினோரு மணி நேரமும் பதினைந்து நிமிஷமும் என்று வாத்தியார் மனதுக்குள் கழித்துப் பார்த்தார். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

“அப்ப ஊரைச் சுத்திக் காட்டட்டுமா?”

“பார்த்த ஊர்தான். ஏசி போட்ட பெரிய கடையா ஒண்ணுல இறக்கி விடு. உட்கார்ந்தா யாரும் எழுப்பக் கூடாது.”

டாக்சிக்காரர் விவரமானவர். நாலு மாடி ஃபர்னிச்சர் கடை ஒன்றின் வாசலில், ஷட்டர் தூக்கும் நேரத்துக்குச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்தினார். பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு அவர் திரும்பும்போது, வாத்தியாரின் மனைவி வாஞ்சையோடு சொன்னாள்:

“உள்ள வந்து ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்களேன் தம்பி.”

டாக்சிக்காரர் கடையின் பெயர்ப்பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

“இது நம்ம வீடு இல்லடி.”

“பழக்கதோஷங்க. வந்தவங்களை வெறும் வாயோட அனுப்ப மனசு வர மாட்டேங்குது.”

“தெரியும்” என்றார் வாத்தியார்.

இரண்டாவது மாடியில் கட்டில்கள். டை கட்டிய விற்பனையாளர் ஓடி வந்தார். “சும்மா தொட்டுப் பார்த்தா தெரியாதும்மா, படுத்தே பாருங்க. உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க.”

அவள் அப்படியே நினைத்துக்கொண்டாள். ஐந்தாவது நிமிஷத்தில் குறட்டை கேட்டது. வாத்தியார் பக்கத்திலிருந்த சாய்வு நாற்காலியில் காலை நீட்டினார்.

“புடிச்சிருந்தா இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடலாம் சார்.”

“இப்போதைக்கு வீட்டுல இடமில்ல. முதல்ல இந்த ஃப்ளைட் நல்லபடியா கிளம்பட்டும்.”

பன்னிரண்டு மணிக்கு வாத்தியாரின் போன் அடித்தது. திரையைப் பார்த்தார். அடித்து ஓயும்வரை அதைத் தேளைப் பார்ப்பதுபோலவே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாருங்க?” என்று மனைவி கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“வேற யாரு? எடுக்க மாட்டேன். நாளைக்குக் காலையிலதான் கப்பல் கரைக்கு வருதுன்னு சொல்லி வச்சிருக்கேன். அதுவரைக்கும் நாம கடல்லதான் இருக்கோம்.”

அவள் திரும்பிப் படுத்தாள்.

மூன்று மணிக்கு விற்பனையாளர் எட்டிப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, “இன்னும் கொஞ்ச நேரம் வேணும்னாலும் படுங்கம்மா” என்றார். அவர் சொன்ன தொனி வேறு. ஆனால் அவள் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

நாலரைக்குப் போனில் ஒரு வரி வந்தது. விமானம் இருபது நிமிஷம் தாமதம். வாத்தியார் அதை வாய்விட்டுப் படித்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“இருபது நிமிஷம் சார். இதுக்குப் போய் இப்படி வேர்க்குது உங்களுக்கு!” என்றார் விற்பனையாளர்.

“உங்களுக்குத் தெரியாது தம்பி. இருபது நிமிஷம்னு ஆரம்பிக்கும், அப்புறம் நாளைக்கும்பாங்க. இந்த ஃப்ளைட் மட்டும் போகலைன்னா நாங்க ரெண்டு பேரும் நடுத்தெருவுலதான்.”

“வாயைக் கழுவுங்க” என்றாள் மனைவி. எழுந்து உட்கார்ந்து, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட ஆரம்பித்தாள்.

ஆறு மணியிலிருந்து விற்பனையாளருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. “சார், இப்பவே லேட்டு. டாக்சி கூப்பிடட்டுமா?” ஆறரைக்கு அவரே பெட்டிகளை லிஃப்ட் அருகே உருட்டிக்கொண்டு போனார். ஏழுக்கு, “கேட்டை மூடியிருப்பாங்க சார்!” என்று அலறினார்.

“உட்காருங்க தம்பி. பதறாதீங்க” என்றார் வாத்தியார். அவர் மட்டும் அசையவில்லை.

ஏழு நாற்பதுக்கு ஒரு படம் வந்தது. அதை மனைவியிடம் காட்டினார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏழு ஐம்பத்தைந்துக்குத் திரையில் ‘புறப்பட்டது’ என்று வந்ததும் வாத்தியார் ஒரு நீண்ட மூச்சு விட்டார்.

“போயிடுச்சா?” என்று விற்பனையாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். “இனிமே ராத்திரிக்கு எங்க சார் தங்குவீங்க?”

“எங்க வீட்டுலதான். இங்கேருந்து இருபது நிமிஷம்.”

“வீடா? அப்ப ஃப்ளைட்டு?”

“அதுல போனது இவளோட அண்ணன். பெல்ட் போட்டு உட்கார்ந்து போட்டோ அனுப்பியிருக்காரு பாருங்க. நாலு நாள் இருக்கேன்னு வந்தவரு, அஞ்சு மாசமா எங்க கட்டில்ல. மூணு தடவை டிக்கெட் எடுத்து, பெட்டியோட வாசல் வரைக்கும் வந்தாரு. மூணு தடவையும் இவ, ‘இன்னும் நாலு நாள் இருந்துட்டுத்தான் போங்களேண்ணே’ன்னுட்டா.”

வாத்தியார் எழுந்து, மனைவியின் கையைப் பிடித்துக் கட்டிலிலிருந்து இறக்கினார்.

“அதான் தம்பி, நாலாவது டிக்கெட்டுக்கு இவளைக் கொண்டுபோய்க் கடல்ல வச்சிருந்தேன்.”