பெரிய பிரபுவின் கோபம்

“மணி பத்தாகப் போகுது. அப்பா இன்னும் போன் பண்ணல. ஆறு வருஷத்துல ஒரு நாள் கூட இப்படி நடந்ததில்ல,” என்றார் லயனல்.

“திட்டு வாங்கலேன்னா உனக்கு டீ இறங்காதா?”

டென்பி கையிலிருந்த பெயர்ப் பட்டியலை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. அவர் கட்சியின் கொறடா. போரில் லயனலோடு ஒரே பதுங்குகுழியில் கிடந்தவர். அந்த உரிமையில் வா, போ என்றுதான் பேசுவார்.

லயனலின் அப்பா ஹார்ன்பரோ பிரபு. எண்பத்திரண்டு வயது, பன்னிரண்டாயிரம் ஏக்கர் நிலம், யாருக்கும் அடங்காத நாக்கு. போர் முடிந்து மகன் நாடாளுமன்றத்துக்கு வந்ததிலிருந்து, தினமும் காலை ஒன்பது மணிக்குக் கிராமத்து மாளிகையிலிருந்து லண்டனுக்குப் போன் செய்து, பேப்பரில் வந்த மகனின் பேச்சை வரிவரியாகத் திட்டுவார்.

இன்று திட்ட நிறையவே இருந்தது. போரில் காயம்பட்டு, வீடு திரும்பிச் சில வருடம் கழித்து இறந்த சிப்பாய்களின் மனைவிகளுக்கு ஓய்வூதியம் கிடையாது. அதைக் கொடுக்கச் சொல்லி லயனல் ஒரு மசோதா கொண்டுவந்திருந்தார். அவர் தலைமையில் சண்டை போட்டவர்களின் வீடுகளில் மட்டும் அப்படிப் பதினான்கு பெண்கள். பிற்பகல் நான்கு மணிக்கு ஓட்டெடுப்பு. பெரிய பிரபுவோ, “கஜானா ஒன்றும் தர்ம சத்திரம் இல்லை” என்று மேல்சபையிலேயே பேசியவர்.

“எண்ணிப் பாத்துட்டேன். உன்னையும் சேத்து நமக்கு ஒண்ணே ஒண்ணு கூட. நீ இல்லேன்னா சமமாயிடும், மசோதா விழுந்துடும்,” என்றார் டென்பி. “உங்கப்பா பிடிவாதக்காரர். மசோதாவைக் கவுக்கணும்னே இன்னிக்குச் செத்தாலும் சாவார்.”

லயனல் சிரித்தார். விளையாட்டுப் பேச்சுதான், ஆனால் விதி அப்படித்தான் இருந்தது. ஒரு பிரபுவின் மூத்த மகன், அப்பா உயிரோடு இருக்கும் வரை மக்கள் ஓட்டு வாங்கிக் கீழ்ச்சபையில் உட்காரலாம். அப்பா இறந்ததும் பட்டம் தானாக மகனுக்கு வந்துவிடும். பட்டம் வந்தால் இடம் மேல்சபையில். கீழ்ச்சபை நாற்காலி போகும், அங்கே போடும் ஓட்டும் போகும். வேண்டாம் என்று மறுக்கவும் வழியில்லை.

லயனல் கிராமத்து மாளிகைக்குப் போன் போட்டார். பட்லர் கிம்பர் எடுத்தார்.

“பெரியவர் எழுந்தாச்சா, கிம்பர்?”

“படுக்கையை விட்டு எழுந்திரிக்கலீங்க ஐயா. உங்க மேல ரொம்பக் கோவமா இருக்காங்க. உங்க பேரையே எடுக்காதேன்னுட்டாங்க.”

“உடம்பு நல்லா இருக்குல்ல? டாக்டர் வந்தாரா?”

“இன்னும் கூப்பிடலீங்க.”

“போனை அவர்கிட்ட குடு. திட்டிட்டாவது வைக்கட்டும்.”

போனை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது; பிறகு கிம்பர் திரும்ப எடுத்தார். “மாட்டேங்கறாங்க, ஐயா.”

பன்னிரண்டு மணிக்கு மறுபடி கூப்பிட்டார். சூப்பைத் தொடவில்லை, அறைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டார் என்று பதில் வந்தது. இரண்டு மணிக்கும் அதேதான்.

லயனல் தொப்பியை எடுத்தார். “ரெண்டரை ரயிலைப் பிடிச்சா சாயங்காலம் போய்ச் சேந்துடலாம். எனக்கு என்னவோ சரியாப் படல.”

டென்பி கதவை மறித்து நின்றார். “அதுக்காகத்தான் இந்த நாடகமே. நீ ரயில் ஏறணும், இங்க ஒரு ஓட்டுக் குறையணும். உங்கப்பாவை நாளைக்குச் சமாதானப்படுத்திக்கலாம். அந்தப் பதினாலு பேருக்கும் நாளைக்குன்னு ஒண்ணு கிடையாது.”

லயனல் தொப்பியைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

நான்கு மணிக்கு மணி அடித்தது. சபைக்கு இரு பக்கமும் இரண்டு நீண்ட நடைகள்: ஆதரிப்பவர்கள் ஒன்றில், எதிர்ப்பவர்கள் மற்றதில். கையைத் தூக்கினால் போதாது. நடந்து போக வேண்டும். வாசலில் நிற்பவர்கள் தலை தலையாக எண்ணுவார்கள். லயனல் குனிந்து வாசலைத் தாண்டினார்.

ஆதரவு நூற்று எண்பத்தேழு. எதிர்ப்பு நூற்று எண்பத்தாறு.

டென்பி முதுகில் தட்டியதைக் கூடக் கவனிக்காமல் லயனல் போனுக்கு ஓடினார். “கிம்பர், மசோதா ஜெயிச்சாச்சு. ஒரே ஓட்டுல. போய் அப்பாகிட்ட சொல்லு, கோவத்தை என் தலையிலேயே கொட்டட்டும்.”

“எண்ணி முடிச்சிட்டாங்களா, ஐயா?”

“முடிச்சாச்சு.”

“சபையில அறிவிச்சாச்சுங்களா?”

“ஆச்சு, ஆச்சு. ஏன்?”

கிம்பர் பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது. “பெரியவர் காலைல ஏழு மணிக்கே போயிட்டாங்க, ஐயா. தூக்கத்துலேயே.”

“அப்ப காலையிலேருந்து நீ சொன்னதெல்லாம்?” என்றார் லயனல்.

“நெஞ்சு சரியில்லைன்னு போன வாரமே அவங்களுக்குத் தெரியுங்க. என்னைக் கூப்பிட்டுச் சொன்னாங்க: ‘மசோதா தப்புதான். ஆனா ஓட்டு அவனோடது, என் சாவு அதைப் புடுங்கக் கூடாது. நான் எப்பச் செத்தேன்னு காகிதத்துல ஏறப்போறது டாக்டர் வந்து பாத்து எழுதற நேரம்தான். அதனால அதுக்கு முன்னாடி நான் போயிட்டா, கோவமா இருக்கேன்னு சொல்லிச் சமாளி; அவங்க எண்ணி முடிக்கற வரைக்கும் டாக்டரைக் கூப்பிடாதே.’”