திரும்பிப் பார்க்காதவன்

சிங்காநல்லூர்க் குளத்தில் ஞாயிறுதோறும் படகு விடுகிறவர்கள் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். துடுப்புப் போடும்போது முதுகுதானே முன்னால் போகிறது! தேவதாஸ் மட்டும் ஒருமுறைகூடத் திரும்பாமல் நேராகக் கரை சேர்ந்தான்.

பாதிரியார் சொன்ன வரன் என்று, மகள் அற்புதத்துக்காக அவனைப் பார்க்க வந்திருந்த ஞானாபரணத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“ஏனுங்க தம்பி, ரங்கூன் கப்பல்ல வேலைங்களா? கடலுக்குப் போறவருக்குப் பொண்ணு குடுக்க மாட்டனுங்க.”

“கடலை நான் பாத்ததே இல்லீங்க. நாளைக்கு எங்க தோப்புக்கு வந்து பாருங்க.”

மறுநாள் ஞானாபரணம் தோப்புக்குள் நுழைந்தார். இடுப்பில் கட்டிய தேங்காய் நாரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, எதிரே சுழலும் ராட்டையில் கயிறு திரித்தபடி, தேவதாஸ் பின்பக்கமாகவே நடந்து அவரை நோக்கி வந்துகொண்டிருந்தான்.

திரும்பாமலே சொன்னான்: “வாங்க மாமா!”