பாலைவன வண்டி

"நீங்க எத்தன காயிதம் கொண்டாந்தாலும் நான் கையெழுத்துப் போடமாட்டனுங்க தம்பி."

சந்துரு செருப்பைக் கழற்றும் முன்பே கமலாத்தாள் சொல்லிவிட்டாள்.

மகன் பூபதிராஜா இறந்து இரண்டு மாதம். அவன் வேலை பார்த்த ஜெர்மன் கம்பெனியிலிருந்து இதுவரை மூன்று முறை காகிதம் வந்துவிட்டது. 'ஓட்டுநரின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து' என்று அவள் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். இப்போது சந்துரு என்று ஓர் ஆளே அவள் ஊரான எருத்தேன்பதிக்கு வந்துவிட்டான். தனக்குச் சொந்த ஊர் பக்கத்து நல்லேப்பிள்ளிதான், அதே கம்பெனியில் இன்ஜினியர் என்று போனில் சொல்லியிருந்தான்.

வந்தவனை நிற்க வைக்க மனம் வராமல் நாற்காலியைக் காட்டினாள்.

"அது என்ன வண்டீங்க? பட்டாளத்து வண்டின்னு மட்டுந்தான் எங்கிட்டச் சொன்னான்."

"பாலைவனத்துல சண்டை போடறதுக்குங்கம்மா. ஹெலிகாப்டர்ல தூக்கிட்டுப் போய் எறக்கோணும். எடை கொறையோணும்னு கதவ எடுத்தாங்க, கூரைய எடுத்தாங்க. அப்பவும் பத்தல. சக்கரத்தத் திருப்பற ஸ்டீயரிங் ராடையும் சன்னமாக்குனாங்க."

"அத ஓட்டிப் பாக்கறதுக்கு எம் பையன்."

"வளைகுடாவுல பத்து வருசம் மணல்ல ஓட்டுனவருங்க. எங்க ஆளுக ஆருக்கும் அவரளவுக்கு மணலத் தெரியாது."

"அப்பறம் எப்படிங்க கவனக்குறைவு?" கமலாத்தாளின் குரல் உயரவில்லை. "செத்தவன் வந்து பேசமாட்டான்னு அவன் தலைல கட்டறீங்க. அவம் புள்ளைக்கு ஏழு வயசு. நாளைக்கு அத எடுத்துப் படிச்சா அப்பன என்னன்னு நெனைக்கும்?"

சந்துரு பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"படிக்க மட்டும் செய்யறனுங்க. புடிக்கலீன்னா எந்திரிச்சுப் போயிர்றேன்."

படித்தான்: "ஸ்டீயரிங் ஆடுகிறது, வண்டியை நிறுத்த வேண்டும் என்று பூபதிராஜா மூன்று முறை எழுதிக் கொடுத்தார். ராணுவ அதிகாரிகளுக்குக் காட்ட வேண்டிய நாள் நெருங்கியதால், தொடர்ந்து ஓட்டும்படி உத்தரவிடப்பட்டது. ராடு முறிந்துதான் வண்டி கவிழ்ந்தது. அவர் மீது எந்தத் தவறும் இல்லை."

கமலாத்தாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"இதுக்குன்னா போடறனுங்க தம்பி. எங்க போடோணும்?"

"நீங்க போட வேண்டாமுங்கம்மா." சந்துரு பேனாவைத் திறந்தான். "விசாரணைக்கு அனுப்பறதுக்கு முந்தி உங்க முன்னால நாந்தான் போடோணும். அந்த ராடச் சன்னமாக்குனதும், ஓட்டுன்னு உத்தரவு போட்டதும் நானுங்க."